பாயச வாளி

பந்திக்கு உட்காரலாம் என்று சொன்ன பிறகுதான் தணிகாசலம் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். இலை முன் உட்காரப் போனவரைச் சம்பந்தி தடுத்தார்.

"பொண்ணைப் பெத்தவர் கையால பாயசம் ஊத்தினாத்தான் எங்க சனம் இலையில கை வைக்கும்."

தணிகாசலம் வாளியைத் தூக்கினார். ஒவ்வோர் இலையிலும் நிறுத்தி, உறவுமுறை சொல்லி அறிமுகம் செய்துவைத்தார் சம்பந்தி. நல்ல கணையமாக இருந்தால் சோறு வரவில்லை என்று தெரிந்து சுரப்பதை நிறுத்தியிருக்கும். ஊசியில் ஏறிய மருந்துக்கு அந்த நாகரிகம் கிடையாது; ரத்தத்தில் இருந்த சர்க்கரையை இறக்கிக்கொண்டே போனது. இரண்டாம் வரிசையில் சட்டை நனைந்தது. கரண்டி வாளி விளிம்பில் கடகடவென்று அடித்தது.

"மகளைப் பிரியற துக்கம்," என்றார் சம்பந்தி. பந்தி சிரித்தது.

மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த மகள் செண்பகவல்லிக்கு ஊசி விஷயம் தெரியும். "அப்பா, நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க."

"எச்சில் பண்ணிட்டா எங்களுக்கு ஊத்துவாரு?" என்றார் சம்பந்தி.

அவள் மாமனார் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் இலையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

தணிகாசலம் கடைசி வரிசையில் சரிந்தார். விழும்போதும் வாளியை நிமிர்த்தியே பிடித்திருந்தார்.

சம்பந்தி எட்டிப் பார்த்தார்.

"பாயசம் சிந்தலையே?"