நாற்பத்தெட்டாம் நாள் சாம்பார்

"இது சாம்பாரா, இல்ல கை கழுவுற தண்ணியா?"

அந்த ஆள் தட்டை ஒரு தள்ளு தள்ளினார். சாம்பார் மேஜையெல்லாம் சிந்தியது. ஓரத்து மேஜையில் இட்லியும் செல்போனுமாக இருந்த கண்ணாடிக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

தனம் கரண்டியைக் கீழே வைத்தாள். 'வந்துட்டாருய்யா!' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

செங்கம் ரோட்டில் தனம் மெஸ் தோசைக்கு எவ்வளவு பெயர் உண்டோ, அவ்வளவு பெயர் தனத்தின் வாய்க்கும் உண்டு. சட்னி தண்ணியா இருக்கு என்று சொன்ன ஒரு மனுஷனை நடுரோடு வரைக்கும் துரத்திக்கொண்டு போய்த் திட்டியவள் அவள். அந்த வாய்தான் கடைசியில் வினையாக முடிந்தது. சென்னையில் இருக்கும் மகள் கவிநிலா, ஆறாம் மாத வயிற்றோடு போன் செய்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"பொறக்கப்போற குழந்தை மொதல்ல கேக்கற சத்தம் உன் கத்தலா இருக்க வேணாம்மா. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, யார்கிட்டயும் கத்தாம இரு. நடுவுல ஒருநாள் வம்பிழுக்க ஆள் அனுப்புவேன். யாரு, எப்பன்னு சொல்லமாட்டேன். அவர்கிட்ட ஜெயிச்சிட்டா வரேன்."

தனம் இரண்டு நாள் அழுதாள். பிறகு அந்த நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இறங்கிவிட்டாள்.

அவள் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் மலையடிவார ஆசிரமத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு நேராக இட்லிக்கு வருகிறவர்கள். கோபம் வந்தால் அதோடு சண்டை போடாதே, இது யாருக்கு வருகிறது என்று உள்ளே திரும்பிப் பார் என்று அவர்கள் பேசிக்கொள்வதைப் பன்னிரண்டு வருஷமாகச் சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டவள்தான். தனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது அதையே செய்து பார்த்தாள். முதல் வாரம், 'எனக்குத்தான் வருது, வேற யாருக்கு வரும்?' என்று அந்தக் கேள்வி மேலேயே கோபம் வந்தது. பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, உள்ளே பார்த்தபோது கோபம் நின்ற இடத்தில் வெறும் பயம் நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

இன்று நாற்பத்தெட்டாம் நாள். இதுவரை யாரும் வரவில்லை. விடிந்ததிலிருந்து அவளுக்குக் கண் வாசலில், கை மட்டும் அடுப்பில்.

"காது கேக்குதாம்மா? சாம்பார்ல உப்பே இல்ல!"

"இதோ உப்பு எடுத்தாறேங்க." சிரித்துக்கொண்டே உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். 'தனத்தோட சாம்பார்ல உப்பு இல்லையாம்! நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா.'

தோசை போனது. கருகல் என்றார். வேறு ஊற்றினாள். வேகவில்லை என்றார். மூன்றாவது ஊற்றினாள்.

"ஏம்மா, உன்ன பெத்தவ உனக்கு அடுப்பு பத்த வைக்கக்கூடக் கத்துக் குடுக்கலயா?"

 தனத்தைப் பெற்றவள், அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். பரீட்சை, மகள், பேரக்குழந்தை எல்லாமே அந்த நொடியில் மறந்துபோனது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கோபம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. யாருக்கு வருது? பார்த்தாள். உள்ளே அம்மா இல்லாத ஐந்து வயசுப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டிருந்தது. 'அழாத கண்ணு, நான் இருக்கேன்' என்றாள் அதனிடம். வந்த கோபம் வந்த வழியே இறங்கிப்போனது.

அப்போதுதான் அந்த ஆளின் கால்களைக் கவனித்தாள். செருப்பில்லை. குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது.

"இந்த வெயில்லயா வெறுங்காலோட மலையச் சுத்தினீங்க?"

"வீட்டுக்காரிக்கு நாளைக்கு ஆபரேஷன்." அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. வேண்டுதல்."

"மொதல்ல எழுந்து வாங்க." வாசலில் நிற்கவைத்து அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். மூன்றாவது தோசையை அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

"மன்னிச்சுக்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு அவர் நொண்டிக்கொண்டே போனார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் தனத்துக்குப் பரீட்சை ஞாபகமே வந்தது. ஓடிப்போய் போனை எடுத்தாள்.

"உன் ஆளு போயிட்டாருடி! கொப்புளம் வரைக்கும் வேஷம் கட்டி அனுப்பியிருக்கியே! சொல்லு, பாஸா, பெயிலா?"

"போயிட்டாரா? நான் அனுப்புனது எங்க ஆபீஸ் புகழேந்தி சார்மா. அவரு இன்னும் உன் கடையில ஓரத்து டேபிள்லதான் உக்காந்திருக்காரு." கவிநிலா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "இப்பதான் மெசேஜ் போட்டாரு. 'எனக்கு முன்னாடியே இங்க ஒருத்தர் உங்கம்மாவ உண்டு இல்லன்னு பண்ணிட்டாரு, அவங்க அவர் காலுக்குத் தண்ணி ஊத்துறாங்க, இனிமே நான் என்னன்னு சண்டை போடறது'ன்னு கேக்கறாரு. பொட்டிய கட்டிட்டேம்மா. நாளைக்கு வரேன்."

தனம் திரும்பிப் பார்த்தாள். ஓரத்து மேஜைக் கண்ணாடிக்காரர் அசட்டுச் சிரிப்போடு எழுந்து நின்று கும்பிட்டார். நாற்பத்தெட்டு நாளாக அடங்கியிருந்த குரல் அத்தனையும் தனத்திடமிருந்து சிரிப்பாக வெடித்தது. செங்கம் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்படிக்குப் போய் ஒரு சொட்டு சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள். சத்தியமாக, உப்பு போடவே இல்லை.