வாண்டா தட்டுகிறாள்

"யோவ் மனுஷா, கொஞ்சம் மெதுவாத்தான் கத்தேன்! வாண்டா மறுபடியும் சுவரைத் தட்டுறா!"

ஜெனீவ் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு தரம் கேட்டது. டொக், டொக்.

அவள் புருஷன் கேசிமிர் சுவரை முறைத்தார். "தட்டட்டுமே! என் வீடு, என் டிவி, என் டீம்." அதோடு விட்டாரா? முன்பைவிடப் பலமாக ஆரம்பித்தார். "இடது பக்கம் ஓடுறான்! இன்னும் இருபது கெஜம்தான்! போடா, போடா... ஐயோ, விழுந்துட்டான் தடிப்பய!"

டிவியில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வர்ணனை செய்ய, அதற்கும் மேலே இவருடைய வர்ணனை. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பார்த்துக் கத்தாத ஆண்பிள்ளை கிடையாதுதான். ஆனால் ஒரே வீட்டை இரண்டாக வகுத்து, நடுவில் அட்டை மாதிரி ஒரு சுவரை எழுப்பியிருக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

"அவ புருஷன் ஜோ போனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாம காபிக்கு வந்துக்கிட்டிருந்தா. சீசன் ஆரம்பிச்சதும் நின்னுட்டா. எல்லாம் உன் தொண்டையாலதான்." ஜெனீவின் குரல் உடைந்தது. "இந்தத் தெருவுல எனக்குன்னு இருக்கிற ஒரே சிநேகிதிய்யா அவ."

மனைவி அழுதால் கேசிமிருக்குத் தாங்காது. டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"சரி, அழாதே. அடுத்த வாரம் பிளே ஆஃப். தோத்தா சீசனே முடிஞ்சுது. ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். போதுமா?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பாவம். அடுத்த ஞாயிறு வாய் நிறையக் கோழி இறக்கையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் டீம் டச் டவுன் போட்டுப் புள்ளி எடுத்தபோது சோபாவைக் குத்தினார். எதிரணி பந்தைப் பிடுங்கியபோது தன் தொப்பியைக் கடித்தார்.

டொக், டொக்.

"நான் மூச்சுகூட விடலையே!" என்று கிசுகிசுத்தார்.

"பழைய கோபமா இருக்கும். பேசாம இரு."

கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்தங்கல். ஒரே ஒரு உதைதான் பாக்கி; கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. பந்து காற்றில் ஆடி ஆடிப் போய்க் கம்பங்களுக்கு நடுவே விழுந்தது. கேசிமிர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காலை உதறினார். சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. சத்தம் மட்டும் வரவில்லை.

டொக் டொக் டொக் டொக்! இந்தத் தடவை இரண்டு கையாலும் தட்டினாள் போலிருக்கிறது.

"இதுக்கு மேல என்னால ஆகாது. வா, நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடலாம்." சூடான ஆப்பிள் கேக்கை ஒரு கையிலும் கணவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, பனியை மிதித்தபடி ஜெனீவ் பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள்.

வாண்டா கதவைத் திறந்தாள். செத்துப்போன ஜோவின் நீல டீம் சட்டை அவள் முழங்கால் வரை தொங்கியது. பின்னால், ஜோவின் நாற்காலி சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

"மன்னிச்சுடு வாண்டா. இன்னிக்கு இவர் ஒரு வார்த்தைகூடப் பேசலை..."

"அதைத்தான்டி நானும் கேக்கறேன், ஏன் பேசலை?" வாண்டா சீறினாள். "சீசன் தொடங்கினப்பவே என் டிவி புகைஞ்சு செத்துப்போச்சு. புதுசு எதுக்குன்னு விட்டுட்டேன், சுவர்லதான் அவ்வளவு தெளிவா ஓடுதே! ஆட்டத்தன்னிக்கு ஜோவோட நாற்காலியைத் தனியா விட்டுட்டு உன் வீட்டுக்கு வரவும் மனசு கேக்கலை. காதுல சரியா விழலேன்னா ரெண்டு தட்டுத் தட்டுவேன். இவரும் முகம் சுளிக்காம இன்னும் பலமாச் சொல்வார். இன்னிக்கு என்ன கேடு வந்தது இவருக்கு? சொல்லித் தொலைங்க, ஜெயிச்சோமா இல்லையா?"