வாசல் பொத்தான்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை முடிந்து போகிறவர்கள் வாசலில் இருக்கும் பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டும். பச்சை எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் பக்கத்து அறையில் சோதனை. மெஷின் யாரைப் பிடிக்கும் என்பது முதலாளிக்கே தெரியாது.

வரிசையில் நின்ற பூரணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னாலேயே சூப்பர்வைசர் நின்றிருந்தான்.

"இன்னாடி நடுங்குற, எதனா எடுத்துட்டியா?" முன்னால் நின்ற நசீமா கிசுகிசுத்தாள்.

"இல்லக்கா."

"இப்பதான் வரிசையா ரெண்டு பேருக்கு செவப்பு எரிஞ்சுது. உனக்குப் பச்சைதான், பயப்படாத."

பூரணியின் முகம் இன்னும் வெளிறியது. "மெஷினுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காதுக்கா" என்றாள், தனக்கே ஆறுதல் சொல்லிக்கொள்வதுபோல்.

நசீமாவுக்குப் பச்சை எரிந்தது. பூரணி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

சிவப்பு.

அறைக்குள் போனதும் அவளே கதவைத் தாழிட்டாள். சோதனை செய்கிற பெண் முறைத்தாள். "இன்னா எடுத்த? பையத் தொற."

"பையில ஒண்ணுமே இல்ல மேடம்." பூரணி உடைந்து அழுதாள். "ஒரு மாசமா இந்த செவப்புக்குத்தான் சாமிய வேண்டிக்கினு இருந்தேன். வேன் ஏறுற வரைக்கும் அந்த சூப்பர்வைசர் பின்னாடியே வர்றான். அவன் வர முடியாத இடம் இந்தக் கம்பெனியில இது ஒண்ணுதான்."