பொட்டு வைத்த பக்கம்

திரையில் ஒலியைக் காட்டும் கோடு அசையவே இல்லை. அசைந்தாலும் எறும்பு ஊர்ந்த அளவுக்குத்தான்.

அவள் ஆறு கம்பிகளையும் சேர்த்து ஓங்கி மீட்டினாள். மைக் ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. லேப்டாப்பில் பதிந்ததைப் போட்டுக் கேட்டால், பக்கத்துத் தெருவில் யாரோ கிதார் வாசிப்பதுபோல் இருக்கிறது. மீதியெல்லாம் 'உஸ்' என்ற இரைச்சல்.

எரிச்சல் தலைக்கேறியது.

மணி மூன்று இருபது. நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இரண்டே நிமிட வாசிப்பு. இசையமைப்பாளரின் உதவியாளர் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

"வாசிப்பு நல்லாருக்கு மேடம். சத்தம்தான் இல்ல. இத வெச்சு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

மூன்றாவது தடவைக்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள். இன்று சரியாகப் போனால் படம் முழுக்க அவள் கிதார்தான்.

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. முதுகில் வியர்வை ஓடியது.

"கொஞ்சம் அழுத்தி வாசிச்சுப் பாரேன்" என்று நேற்று குமரவேல் சொன்னான். அவள் கணவன். இந்த அறையை ஒழித்துக் கொடுத்தவனும் அவன்தான். "இது உன் ரூம். யாரும் கேக்க மாட்டாங்க" என்றான்.

அழுத்தி வாசித்து இடது கை விரல் நுனி வெடித்திருக்கிறது. அதுதான் மிச்சம்.

வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத மைக். கூரியரில் வந்த மறுநாள் ஆயுத பூஜை. பைக், மிக்ஸி, லேப்டாப் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்த குமரவேல், மைக்குக்கும் ஒரு பொட்டு வைத்தான். அது இன்னும் அழியவில்லை. வலைக்குக் கீழே, இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓங்கி ஒன்று விடலாமா என்று இருந்தது.

விடவில்லை. மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் சின்னப் பெட்டியில், சத்தத்தைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருகினாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

இரைச்சல் கொட்டியது. அதற்கு நடுவே ஒரு குரல்.

குமரவேல்.

கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில் உட்கார்ந்து, ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். தணிந்த குரல்தான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"தீபாவளிக்குள்ள ரூம் காலியாயிடும்மா. தம்பிய தாராளமா வரச் சொல்லு. ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்கும் திருப்பி அனுப்பினா கிதார அவளே மூட்டை கட்டிடுவா. நாம ஒண்ணும் சொல்ல வேணாம். கட்டிலுக்கு அளவு மட்டும் இப்பவே எடுத்து வெக்கறேன். கர்ட்டனுக்குன்னு சொல்லிக்கலாம்."

அவள் கை கம்பிகளின் மேலேயே நின்றுவிட்டது.

எழுந்து போய்க் கதவைத் திறந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். நாலும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

அப்போதுதான் உறைத்தது.

மடியிலிருக்கும் கிதார் கேட்கவில்லை. மூடிய கதவுக்கு அப்பால் முணுமுணுப்பவன் கேட்கிறான்.

மைக்கைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள்.

எழுந்து அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். கம்பெனியின் முத்திரை அங்கே இருந்தது. கதவைப் பார்த்தபடி. முத்திரை இருக்கும் பக்கம்தான் மைக்குக்குக் காது.

எழுத்தும் முத்திரையும் இல்லாமல் வழவழப்பாக இருந்த இடமாகப் பார்த்து அவன் பொட்டு வைத்திருக்கிறான். பொட்டு இருக்கும் பக்கம்தானே முகம் என்று அவளும் அதையே தன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.

இத்தனை நாளும் முதுகுக்கு வாசித்திருக்கிறாள்.

தன்மேலும் ஆத்திரம் வந்தது. ஆனால் மணி மூன்று நாற்பது.

மைக்கைத் திருப்பினாள். பொட்டு இப்போது கதவைப் பார்த்தது. திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். ஒரே ஒரு கம்பியைத் தொட்டாள்.

கோடு எழுந்தது.

சிவப்புக்குப் போகாமல் பச்சையிலேயே நின்றது. கிதாரின் மர உடம்பு அதிர்வதுகூடக் காதில் விழுந்தது. விரல் நகரும்போது கம்பி உரசுவதும் விழுந்தது.

கேட்க வேண்டிய நாலு வார்த்தையும் அப்படியே இருந்தன. இருக்கட்டும். பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

முதல் நிமிடம் பிசிறில்லாமல் போனது. வெடித்த விரல் வலித்தது. வலிக்கட்டும்.

கதவு திறந்தது.

குமரவேல். கையில் அளவு டேப். அவளைப் பார்த்து, பழகிய சிரிப்பு ஒன்று சிரித்தான். ஜன்னலைக் காட்டினான். உதடுகள் அசைந்தன.

ஹெட்ஃபோனில் கிதார் மட்டும்தான் கேட்டது. திரையில் ஓடிய கோட்டில் அவன் பேச்சு விழவே இல்லை.

அவன் டேப்பை இழுத்து, நுனியை அவள் பக்கம் நீட்டினான். பிடித்துக்கொள் என்று சைகை காட்டினான்.

அவள் அவன் கண்ணையே பார்த்தாள்.

அவளுடைய இரண்டு கைகளும் வேலையாக இருந்தன.