டாங்கிக்கு வலிக்காத ராக்கெட்

"என் ராக்கெட்டுக்கு முழு பலம் கொடுங்க சார்," என்று கேட்டேவிட்டேன்.

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கணினி விளையாட்டில் காலாட்படையாக ஓடிச் சாவதுதான் எங்கள் வேலை. பணம் கட்டியவர்கள் டாங்கியில் வருவார்கள். நாங்கள் எத்தனை ராக்கெட் அடித்தாலும் டாங்கி கடைசி உயிரில் தப்பிவிடும். இதற்குச் சமநிலை என்று பெயர்.

ஆட்டத்தை நடத்தும் லூர்து சார் சிரித்தார். "டாங்கி வெடிச்சா அப்புறம் யாரும்மா விளையாட வருவா?"

இன்று டாங்கியில் இருந்தவள் அபிநயா. கல்லூரியில் என்னைப் பார்த்து எழுதியே தேறியவள். அவள் வீட்டில் தாத்தாவே இன்ஜினியர். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. திரையில் அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "ஏய் மணிமொழி, நீயாடி அது? எவ்ளோ அழகா சாகுற! சார், எனக்குத் தினமும் இவளையே போடுங்க."

"பாத்தியா, உன் வேலை நிரந்தரமாயிடுச்சு," என்றார் சார், நிஜமான சந்தோஷத்தோடு.

ஹெட்செட்டைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன்.

"எங்கம்மா போற? ஆட்டம் பாதியில நிக்குது!"

"அவளைத் தனியா ஓட்டிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க சார்," என்றபடி கதவைத் திறந்து வெளியே நடந்தேன்.