தெற்கே போன சொல்

"ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க ஒரு குளிர்காலம் முழுக்க வேணுமாப்பா?" என்று சிரித்தார் நில்லாஸ்.

வெய்க்கோ காபியைக் குடித்தான். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துக்காரன். 'புல்க்கா' என்ற பனிவண்டிப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வடகோடி லாப்லாந்துக்கு, கலைமான் மேய்ப்பவர்களிடம் வந்தவன். ஞாயிறு தவறாமல், அதே புல்க்காவில் ஒற்றைக் கலைமானைப் பூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துவிடுவான். வழியெல்லாம் கவிழ்ந்து, பனியில் புரண்டு வந்து நிற்பவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். நில்லாஸின் மகள் ரிஸ்டன் மட்டும் சிரிக்க மாட்டாள். காலையிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னிக்கும் அதேதான் சொல்றேன், எழுதிக்கோ. பாதிப் படகு மாதிரி இருக்கே, அந்த வண்டிக்கு எங்க பாஷையிலே 'புல்கே'ன்னு பேரு. அதை உங்க ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. உங்ககிட்டேயிருந்து ஸ்வீடன்காரன் எடுத்துக்கிட்டான். எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தெற்கே போனது எதுதான் திரும்பி வந்திருக்கு?" என்றாள் ரிஸ்டன் வெடுக்கென்று.

வெய்க்கோ தலைகுனிந்தான். "நானும் நாளைக்குக் கிளம்பறேன்."

ரிஸ்டன் கையுறையை எடுத்து அணிந்தாள். தெற்கத்தி ஆண்கள் பிடித்த பெண்ணிடம் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த ஒரு கேள்விக்காக அவள் ஏங்காத நாளில்லை. அவனோ தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"அப்போ, நான் வரட்டுமா?"

அவனுக்கு முன்னால் வாசலுக்கு ஓடினாள் ரிஸ்டன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, விறைத்த விரல்களால் கலைமானின் வாரை அவிழ்த்தாள். மான் வண்டியை விட்டு விலகி நின்றது.

"என்ன பண்றீங்க?" அவன் குரல் நடுங்கியது.

"ஒண்ணுமில்லே. பாவம், அது கொஞ்சம் பாசி தின்னட்டுமேன்னுதான். திருப்பிப் பூட்டிக்கிட்டுப் போங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண் கேட்டு வருகிறவனின் மானை அந்தப் பெண்ணே அவிழ்த்துவிட்டால் சம்மதம் என்பது அவர்கள் வழக்கம். பட்டணத்தானுக்கு அது எங்கே தெரியப்போகிறது? தன் மனசுக்காவது சொல்லிக்கொண்டோமே என்றிருந்தது அவளுக்கு.

"திருப்பிப் பூட்டறதா?" என்றான் வெய்க்கோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "புல்க்காவுக்கு அர்த்தம் முதல் ஞாயிற்றுக்கிழமையே கிடைச்சாச்சு, ரிஸ்டன். மானை யார் அவிழ்க்கணும்னு உங்க அப்பா சொன்னதும் அன்னிக்குத்தான்!"