பதினெட்டு வருஷ நோயாளி

சிராங்கூன் சாலையில், முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டர் கிளினிக்கில் நுழைந்ததுமே, நாற்காலியில் சாய்த்திருந்த ஊன்றுகோலைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த, ஒரு கால் சூம்பிய பெரியவர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"சாரிங்க. எனக்கும் போலியோ கால்தான், சொல்பேச்சு கேக்காது."

"பரவால்ல லா, உக்காருங்க."

"எவ்வளவு நாளா இங்க வர்றீங்க?"

"பதினெட்டு வருஷமா. தினமும்."

"இன்னும் கோலை விடலையா? டாக்டர் கெட்டிக்காரர்தான், உங்களை விடவே இல்லை! அம்பது வருஷம் தாங்கின என் கால் இப்ப மறுபடியும் தளருது. பலம் வரட்டும்னு பிடோக்ல நான் இருக்கிற அடுக்குமாடி புளோக்ல தினம் பத்து மாடி ஏறுறேன். முதுகுல சொடக்கு எடுத்தா சரியாயிடுமா? யாருமே நேரா பதில் சொல்லலை."

கவுண்டர் பெண் எட்டிப் பார்த்தாள். "டாக்டர், ரூம் ரெடி."

பெரியவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார்.

"ஆகாது. முதுகு வலி குறையும், கால் பலம் திரும்பாது. முதல்ல மாடி ஏறுறதை நிறுத்துங்க, இருக்கிற பலமும் போயிடும். நானும் ஏறினவன்தான்."